உடலும் அது நிற்கும் இடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொல்லை ஆள்பவர்கள் கூடியிருக்கும் அவையில், கோடு இழுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஓவிய வரலாற்றையோ நவீன ஓவிய இயக்கங்களையோ பற்றி நான் பேசப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு செயல். ஒரு மனிதர் உங்கள் எதிரே அமர்ந்திருக்கிறார். அவரை உற்றுநோக்கி, கண்டவாறே ஒரு தாளில் வரைய வேண்டும். இச்செயலில் என்ன நிகழ்கிறது, எந்த இடத்தில் அது தடைப்படுகிறது, அந்தத் தடையிலிருந்து கவிதை எழுதுவோர் பெற்றுக்கொள்ளக் கூடியது ஏதேனும் உண்டா என்பதே என் பேச்சின் எல்லை.

முதன்முதலாக மனித உருவத்தைப் பார்த்து வரைபவர்களின் தாள்களில் பெரும்பாலும் ஒரே வகைப் பிழைகள் காணப்படும். தலை பெரிதாக இருக்கும். கைகளும் பாதங்களும் சிறுத்திருக்கும். கண்கள் தலையின் மேற்பகுதிக்கு ஏறியிருக்கும். உண்மையில் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவிலேதான் கண்கள் அமைந்துள்ளன. மோவாயில் மணிக்கட்டை வைத்து விரலை நீட்டினால் கை நெற்றி வரை எட்டும். இவற்றைச் சொன்னவுடன் எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வரையும்போது மறுபடியும் கண் மேலேறும், கை சிறுக்கும்.

இது கண்ணின் குறையன்று. முகம் நமக்கு முக்கியமானது. ஆகவே அது தாளில் பெருக்கிறது. புருவத்துக்கு மேலே உச்சி வரை உள்ள பரப்பில் நாம் படிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது சுருங்கிவிடுகிறது. 'கண்' என்ற சொல்லோடு மீன் போன்ற ஒரு வடிவம் நம் மனத்தில் முன்னமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவர் தலை குனிந்திருக்கலாம். அவர் கண் இமையின் ஒரு வளைந்த கீற்றாக மட்டுமே தெரியலாம். இருந்தும் கை மீனையே வரைகிறது. காண்பதற்கு முன்பே பெயர் வந்து அமர்ந்துகொள்கிறது. பிறகு நாம் பெயரைப் பார்த்து வரைகிறோம்.

இந்த இடர் மிகக் கடுமையாகத் தெரியவருவது, ஒருவர் நம்மை நோக்கிக் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது. ஆறடி மனிதரின் உடல், நாம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க ஒரு முழ நீளத்துக்குள் அடங்கிவிடும். உள்ளங்கால் பெரிதாக முன்னிற்கும். தொடை ஏறக்குறைய மறைந்தே போகும். தலை தூரத்தில் ஒரு சிறு உருண்டையாகக் கிடக்கும். தொடை நீளமானது என்று அறிந்த மனம் இதை ஏற்க மறுக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியர் ஆண்ட்ரியா மாண்டேனியா, இறந்த கிறிஸ்துவின் உடலைக் கால்மாட்டிலிருந்து வரைந்தார். மிலான் நகரின் பிரேரா ஓவியக்கூடத்தில் உள்ள அவ்வோவியத்தைப் பார்ப்பவர்கள், அந்தக் கோணத்தின் துணிவைக் கண்டு இன்றும் திகைக்கிறார்கள். ஆயினும் அளந்து பார்த்தவர்கள் ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். காட்சி விதிப்படி இருக்க வேண்டிய அளவைவிடப் பாதங்கள் சிறியனவாகவும் தலை பெரியதாகவும் அதில் அமைந்துள்ளன. வணக்கத்துக்குரிய முகத்தைப் பாதங்கள் மறைத்துவிடலாகாது என்று ஓவியர் கருதியிருக்கலாம். எவ்வாறாயினும், கண்ட உடலுக்கும் அறிந்த உடலுக்கும் இடையிலான வழக்கில் அவ்வளவு பெரிய கலைஞரும் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார்.

இதிலிருந்து மீளும் வழி யாது? ஓவியப் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் முறைகள் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உடையவை. உடலை நேரடியாகப் பிடிக்க முயலாமல், உடல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காணச் செய்கின்றன.

பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்துக்கொள்கிறோம். அந்த அளவு, தோளிலிருந்து முழங்கால் வரை எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கிறோம். இங்கே ஒரு நிபந்தனை உண்டு. முழங்கையை மடக்கக் கூடாது. மடக்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி, அளவு பொய்யாகிவிடும். ஆக, எதிரே இருப்பவரை அளப்பதற்கு முன், அளப்பவர் தம் உடலை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே நூலும் குண்டும்தான். ஒருவர் ஒரு காலில் உடல் எடையைத் தாங்கி நிற்கும்போது, கழுத்துக்குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் அது எடை தாங்கும் பாதத்தின் கணுக்காலருகே வந்து விழும். தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் தாழும். இந்த ஒரு செங்குத்துக் கோட்டைக் காணாமல் வரைந்த உருவம், எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் தாளில் சாய்ந்து விழுவது போலவே தோன்றும். தரை என்ற ஒன்று வரையப்படாவிட்டாலும், பூமி இழுக்கிறது என்பது உருவத்தில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது முறை எனக்கு மிகவும் வியப்பளிப்பது. ஒருவர் இடுப்பில் கையூன்றி நிற்கிறார் என்று கொள்வோம். கையை வரையாதே, கைக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் சுவரை வரை என்பார்கள். அங்கே ஒழுங்கற்ற ஒரு முக்கோணம் இருக்கிறது. அதற்குப் பெயரில்லை. பெயரில்லாததால் மனத்தில் அதற்கு முன்வடிவமும் இல்லை. ஆகவே கை அதைக் கண்டபடியே வரைந்துவிடுகிறது. முக்கோணம் சரியாக அமைந்ததும், வரையப்படாத கை தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது.

நம் மொழி இதை எப்போதோ அறிந்திருக்கிறது போலும். 'இடை' என்ற ஒரே சொல் உடலின் நடுப்பகுதியையும் குறிக்கிறது, இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தையும் குறிக்கிறது. கவிஞர்கள் இடையைப் பற்றி எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். ஓவியன் அதை வரைய வேண்டுமானால் இரண்டாவது பொருளின் வழியாகத்தான் முதற்பொருளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இவ்வாறு சொல்லும்போது நம் சிற்ப மரபைப் பற்றி ஒரு கேள்வி எழும். நம் சிற்பிகள் ஆளை உட்கார வைத்து அளந்தார்களா என்று கேட்கலாம். அவர்கள் வழி வேறு. தாலம் என்பது முகத்தின் நீளம். அது 12 அங்குலங்களாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமன்று, அந்தந்த உருவத்துக்குள்ளேயே பிறக்கும் அளவு. நவதால உருவம் 108 அங்குலம், உத்தம தசதால உருவம் 124 அங்குலம் என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அவர்களிடமும் ஒரு தூக்குநூல் உண்டு. பிரம்ம சூத்திரம் என்பது அதன் பெயர். சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என்று நிலைகள் வேறுபடும்போது, அந்த நடுநூலிலிருந்து உடலின் எப்பகுதி எவ்வளவு விலக வேண்டும் என்பதே கணக்கு.

இரு மரபுகளிலும் நூல் ஒன்றுதான். வேறுபாடு, பார்ப்பவரின் இடத்தில் இருக்கிறது. ஸ்தபதியின் கணக்கில் பார்ப்பவருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. தெய்வ உருவம் பத்தடி தூரத்தில் ஓர் அளவும் இருபதடி தூரத்தில் வேறோர் அளவும் கொள்வதில்லை. அது எங்கிருந்து பார்த்தாலும் தன் அளவிலேயே நிற்கிறது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மனிதரோ இன்ன தூரத்தில், இன்ன கோணத்தில், இன்ன வெளிச்சத்தில் மட்டுமே எனக்குத் தென்படுகிறார். ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று நான் கூற வரவில்லை. அளவு இலக்கணம் தெய்வத்துக்கு உரியது. தூரம், மனிதருக்கு உரியது. தெய்வத்துக்குரிய அளவை எதிரே அமர்ந்திருக்கும் மனிதர்மீது ஏற்றுவதுதான் குழப்பத்தை உண்டாக்குகிறது.

மனிதரைப் பார்த்து வரையும் ஐரோப்பியப் பயிற்சி நம் மண்ணில் நிறுவனமாக வேரூன்றியது, 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியின் வழியே. அப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் 'உழைப்பாளர் சிலை' 1959-இல் மெரினாக் கடற்கரையில் நிறுவப்பட்டது. நான்கு தொழிலாளர்கள் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்த முயல்கிறார்கள். நம்மில் பலர் அதைப் பேருந்திலிருந்து பார்த்தபடியே கடந்திருப்போம். ஒருமுறை நின்று, மனத்துக்குள் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்னோக்கிச் சாய்ந்த அந்த உடல்கள் தம் கால்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. பாறையை நீக்கிவிட்டால் அந்த நிலைக்கே பொருளில்லாமல் போகும். தசைகளின் முறுக்கைப் போலவே, பாறைக்கும் மனிதர்களுக்கும் நடுவில் உள்ள இடுக்குகளும் உழைப்பைச் சொல்கின்றன.

இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுதும் விடாமல் சுமந்த ஒரு கலைஞரைப் பற்றி இனிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆல்பெர்ட்டோ ஜியாகொமெட்டி 1901-இல் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். தந்தை ஜியோவன்னியும் ஓவியர். இளமையில் தந்தையின் பட்டறையில் மேசைமீது இருந்த பேரிக்காய்களை வரைந்த நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காய்கள் தாளில் மிகச் சிறியனவாக வந்துகொண்டிருந்தன. தந்தை எரிச்சலுற்று, இருக்கிற அளவில் வரை என்கிறார். மகன் அழித்துவிட்டுப் பெரிதாக வரையத் தொடங்குகிறான். அரைமணி நேரத்தில் காய்கள் பழைய அளவுக்கே வந்து நிற்கின்றன. தந்தை, காயைக் கையில் எடுத்தால் என்ன அளவோ அதைச் சொன்னார். மகன், தான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்த அளவை வரைந்தான். நடுவிலிருந்த தூரத்தையும் சேர்த்தே வரைந்தான் என்று சொல்வது இன்னும் பொருந்தும்.

1922-இல் பாரிஸ் சென்று, சிற்பி பூர்தெலின் வகுப்பில் மனித உருவம் பயின்றார். பார்த்ததைப் பார்த்தபடி செய்வது இயலாது என்று கண்டு சில ஆண்டுகளில் மாதிரியை விட்டுவிட்டார். கற்பனையிலிருந்து பொருள்களைச் செய்தார். மீமெய்யியல் இயக்கத்தினர் அவரைக் கொண்டாடினார்கள். 1935-இல் மீண்டும் ஒரு மனிதத் தலையைப் பார்த்துச் செய்ய முற்பட்டபோது அவர்களுக்கும் இவருக்கும் முறிவு ஏற்பட்டது. தலை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியுமே என்று அந்த இயக்கத்தின் தலைவர் ஏளனமாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஜியாகொமெட்டிக்குத் தெரியாதிருந்தது அது ஒன்றுதான். இரண்டு வாரங்களில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய பயிற்சி, நாள்தோறும் ஆளை அமர்த்தி ஐந்தாண்டுகள் நீடித்தது.

அதற்கிடையில், 1937 வாக்கில், பாரிஸின் ஒரு பெருஞ்சாலையில் இரவு நேரத்தில் தொலைவில் நின்ற தோழி ஒருத்தியை அவர் கண்டார். அவள் சிறியவளாகத் தெரிந்தாள். அவளுக்கு மேலே வீடுகளின் இருள் மிகப் பெரியதாக இருந்தது. அந்தக் காட்சியைச் சிற்பமாக்க முயன்றபோது உருவம் சிறுத்துக்கொண்டே போயிற்று. போர்க்காலத்தில் அவர் செய்த உருவங்கள் தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன என்று சொல்வார்கள். போருக்குப் பின் அவை உயர்ந்து, நூல் போல மெலிந்தன. 1948-இல் செய்த நகரச் சதுக்கச் சிற்பத்தில், நான்கு ஆண்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் நிற்கிறாள். எவர் பாதையும் எவரையும் சந்திப்பதாகத் தோன்றவில்லை. அந்தச் சிறு வெண்கலப் பலகையின் பெரும்பகுதி வெற்றுத் தரைதான். பார்ப்பவர் மனத்தில் தங்குவதும் அந்தத் தரைதான்.

அவர் பட்டறை மிகச் சிறியது, சுமார் 23 சதுர மீட்டர். தரையில் நாற்காலியின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சிவப்பு வண்ணத்தால் குறித்து வைத்திருந்தார். 1964-இல் ஜேம்ஸ் லார்ட் என்னும் எழுத்தாளர் 18 முறை அவர்முன் அமர்ந்தார். ஒவ்வொரு நாளும் முகம் வரையப்பட்டு, அழிக்கப்பட்டு, மீண்டும் வரையப்பட்டது. அதற்கு முன்பு இசாகு யனைஹாரா என்னும் ஜப்பானியத் தத்துவப் பேராசிரியர், 1956-இல் நாடு திரும்ப இருந்தவர், பயணத்தை மீண்டும் மீண்டும் ஒத்திவைத்து அமர்ந்தார். பின்னர் 1961 வரை சில கோடைகளில் கடல் கடந்து வந்தும் அமர்ந்தார். இவ்வளவு பழகிய பின்னும் எதிரே இருந்த முகம் ஜியாகொமெட்டிக்கு அறிந்த முகமாக ஆகவில்லை. நாற்காலியின் இடத்தைக் குறித்துக்கொள்ள முடிந்தது. அதில் அமர்ந்திருந்தவரைக் குறித்துக்கொள்ள முடியவில்லை. நாம் அன்றாடம் காணும் முகங்களை எவ்வளவு எளிதில் 'தெரியும்' என்று சொல்லிவிடுகிறோம் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பார்வை இவ்வளவு கூர்மையானதாக இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் அளவை நூல் 1525-இல் வெளிவந்தது. அவர் மறைவுக்குப் பின் 1538-இல் வந்த பதிப்பில் ஒரு மரச்செதுக்குப் படம் உள்ளது. ஒரு பெண் படுத்திருக்கிறாள். எதிரே ஓவியர், ஓர் ஊசிக்கம்பத்தின் நுனியில் கண்ணை நிலைநிறுத்தி அமர்ந்திருக்கிறார். இருவருக்கும் நடுவே நூல்களால் கட்டம் கட்டிய ஒரு சட்டம். கட்டம் கட்டமாக அவள் உடல் தாளுக்குப் போகிறது. அளவில் பிழை நேராது. ஆனால் அவளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் ஒரு பானையாக இருந்தாலும் கட்டம் அவ்வாறே வேலை செய்திருக்கும்.

மாதிரியாக அமர்பவரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அசையாமல் இருப்பது எளிதென்று நினைப்பவர், இருபது நிமிடம் ஒரு கையை உயர்த்திப் பிடித்துப் பார்க்கலாம். ஐந்தாம் நிமிடத்தில் தோள் கனக்கும். பத்தாம் நிமிடத்தில் முதுகு சற்றே சரியும். ஊன்றிய கால் மரத்துப்போகும். கூலிக்கு வந்து அமர்ந்தவர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வரைபவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தொடக்கத்தில் கண்ட தோளையே பிடிவாதமாக வரைந்து முடிக்கலாம். அல்லது தாழ்ந்துகொண்டிருக்கும் தோளைத் தொடர்ந்து, கோட்டின்மேல் கோடாகத் திருத்திச் செல்லலாம். இரண்டாவது வகைச் சித்திரத்தில் பழைய கோடுகள் அழியாமல் கிடக்கும். பார்வைக்கு அது தூய்மையாக இராது. ஆனால் ஓர் உடல் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் இருந்தது என்பது அதில் இருக்கும். எதிரே இருப்பவர் களைப்படைகிறார் என்பதைக் காணாத கண், அவர் தோளையும் சரியாகக் கண்டிருக்காது.

நண்பர்களே, இனி உங்கள் துறைக்கு வருகிறேன். தமிழ் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி ஒன்று உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவற்றை நம் இலக்கணம் 'மூவிடம்' என்று அழைக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் பேசப்படுபவரும் நமக்கு இடங்கள். பெயருக்கும் வினைக்கும் முன்னே, எவர் எங்கே நிற்கிறார் என்பதை மொழி கேட்டு வைத்துக்கொள்கிறது. அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்வதில்லை என்ற கட்டுப்பாடும் அதே அகத்திணைக்கு உரியது. பெயர் விலக்கப்பட்டது, இடமும் நேரமும் முதலில் வைக்கப்பட்டன. நான் மேலே சொன்ன முக்கோணத்தின் பாடம் இதுவேயன்றோ?

பிற்காலத்தில் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் வகைகள் எழுந்தன. உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை தந்து செல்வது அவற்றின் முறை. தெய்வத்தின்முன் நின்று அவ்வாறு பாடுவதற்கு ஒரு நியாயம் உண்டு. அது ஸ்தபதியின் கணக்கைப் போன்றது. ஆனால் அந்தப் பட்டியல் மானிடப் பெண்ணின் உடல்மீது பல நூற்றாண்டுகள் ஏற்றப்பட்டபோது, எந்தப் பெண், எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்ற கேள்விகள் எழாமலே போயின. அவள் படர்க்கையிலேயே நிறுத்தப்பட்டாள்.

2000-க்குப் பின் வந்த பெண் கவிஞர்களின் தொகுப்புகள் உடலைப் பேசியபோது எழுந்த கூச்சலை நீங்கள் அறிவீர்கள். உறுப்பின் பெயர்களைச் சொன்னதே குற்றம் என்றார்கள் சிலர். அதுவே புரட்சி என்றார்கள் வேறு சிலர். ஓவியனின் கண்ணுக்கு இரு சாராரும் முக்கியமானதைக் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அந்த உறுப்புகளின் பெயர்கள் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. பார்வை நிற்கும் இடம் புதிது. படர்க்கையில் கிடந்த உடல் தன்மைக்கு வந்தது. நாற்காலியில் அமர்த்தப்பட்டவர் எழுந்து வந்து கரித்துண்டை எடுத்துக்கொண்டார். அந்த இடமாற்றம் நிகழ்ந்த கவிதைகள் நிற்கின்றன. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்த கவிதைகள், ஆண்கள் எழுதியவையானாலும் பெண்கள் எழுதியவையானாலும், மீண்டும் பட்டியலாகிவிட்டன. 'உடல்' என்ற சொல் இன்று நம் கவிதைகளில் மிகுதியாகப் புழங்குகிறது. அந்த உடலுக்குக் கீழே தரை இருக்கிறதா, அருகில் சுவர் இருக்கிறதா, சொல்பவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று கேட்டால் பல கவிதைகளில் விடை கிடைப்பதில்லை.

பத்தாண்டுகளாகப் பிறர் கவிதைகளைப் பொறுமையோடு கேட்டு, கருத்துச் சொல்லி வளர்ந்த வட்டம் இது. உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஓவியராக வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்து, வீட்டில் உறங்குபவரையோ, பேருந்து நிலையத்தில் காத்திருப்பவரையோ ஒரு வாரம் வரைந்து பாருங்கள். அவரை வரையாமல், அவருக்கும் நாற்காலிக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தை வரையுங்கள். சித்திரம் நன்றாக வராது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், கிழித்துப் போட்டுவிடலாம். எட்டாம் நாள் எழுதும் கவிதையில் ஒரு மனிதர் வருவாரானால், அவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார் என்று நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள்.